ஜூன் 30-க்கு அப்புறம் எங்கே? ஒரு ஸ்பானிய மிட்ஃபீல்டர் முன்னால் இருக்கும் வழிகள்

ஸ்பெயினில் கால்பந்து ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகின்றன. பெரிய பெயர்களுக்கு அது வெறும் காலண்டர் தேதி. மற்றவர்களுக்கு மறுநாள் காலையில் போய்ப் பயிற்சி செய்யக்கூட மைதானம் இருக்காது. அதனால்தான் அந்நாட்டு வீரர்கள் சங்கமான ஏ.எஃப்.இ., ஒவ்வொரு கோடையிலும் கிளப் இல்லாத வீரர்களைச் சேர்த்து முகாம் நடத்துகிறது. ஜெர்சி, பயிற்சியாளர், நட்பு ஆட்டங்கள் எல்லாம் உண்டு. போன் அடிக்கும்வரை உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமே.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு வீரரை மனதில் வைத்து எழுதியது. வயது 28. இரண்டாம் பிரிவில் நூறு ஆட்டங்கள் ஆடியிருக்கிறார், முதல் பிரிவில் விரல்விட்டு எண்ணலாம். பந்தை வாங்கித் திரும்பிப் பார்த்துச் சரியான இடத்துக்கு அனுப்பத் தெரிந்தவர். சிக்கலும் அதுதான். ஸ்பெயினில் ஒவ்வொரு ஊர் அகாடமியும் இந்த வேலை தெரிந்த பையன்களை வருஷாவருஷம் வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் என்றால் கோல் கணக்கை நீட்டி வேலை கேட்கலாம். நடுக்களத்தில் ஆடுபவரின் நல்ல வேலை எந்தக் கணக்கிலும் ஏறாது. பக்கத்தில் நிற்கும் பத்துப் பேர் எப்படியோ அப்படித்தான் இவரும் தெரிவார்.

அவர் முன்னால் இருக்கும் வழிகளை, ஏற்கெனவே அந்த வழியில் போனவர்களை வைத்தே பார்ப்போம்.

உள்ளூரிலேயே இருப்பது

முதல் யோசனை இதுதான். இரண்டாம் பிரிவான செகுண்டாவில் 22 அணிகள், 42 ஆட்டங்கள். ஆகஸ்டில் தொடங்கினால் ஜூன்வரை இழுக்கும். குறைந்தபட்சச் சம்பளம் முதல் பிரிவில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. மூன்று அணிகள் மேலே போகும், நான்கு கீழே போகும். நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த வருஷமும் அதே ஊர், அதே பஸ்.

இதில் நிலைத்து நின்று மேலே வந்தவர் என்றால் எனக்கு ஃபிரான் மேரிதாதான் நினைவுக்கு வருவார். பார்சிலோனா அகாடமியில் வளர்ந்து 15 வயதில் ஆர்சனலுக்குப் போன பையன். 2007-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியில் தோற்ற ஸ்பெயின் அணியில் இருந்தார். 2010-இல் அத்லெட்டிகோ மாட்ரிட் அழைத்தது. அதற்கப்புறம் போர்ச்சுகலில் பிராகா, செகுண்டாவில் எர்குலெஸ், பிரேசிலில் அத்லெட்டிகோ பரானாயென்ஸ் என்று சுற்றினார். 'இவர் அவ்வளவுதான்' என்று எல்லாரும் ஒதுக்கிய நேரத்தில், 2015-இல் உவெஸ்கா என்ற சின்ன ஊர் அணிக்கு வந்தார். அங்கே ஆடிவிட்டு, பிறகு ஒசாசுனா. 2018-19-இல் ஒசாசுனா செகுண்டாவை வென்றது. 29 வயதில் மறுபடி முதல் பிரிவு ஆடுகளத்தில் கால் வைத்தார். அடுத்து எஸ்பான்யோலிலும் ஒரு செகுண்டா பட்டம்.

ஆக, செகுண்டாவில் இருப்பது வீண் இல்லை. ஆனால் மேரிதாவுக்குக் கிடைத்தது வருஷம் முழுக்க ஆடும் வாய்ப்பு. பெஞ்சில் உட்கார்ந்தபடி செகுண்டாவில் இருப்பது வேறு கதை.

சம்பளம் நிச்சயமா என்றால் அதுவும் முழு நிச்சயம் இல்லை. 2011 ஆகஸ்டில் சம்பள பாக்கிக்காக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் முதல் சுற்று ஆட்டங்களே தள்ளிப்போயின. அதற்கப்புறம் லீக்கை நடத்தும் அமைப்பான லா லிகா கணக்கு வழக்கில் கறாராக மாறியது. அந்தக் கறார் ஒரு பக்கம் நல்லது, இன்னொரு பக்கம் வீரர் தலையிலேயே விழும். 2019 ஜனவரியில், சீசன் பாதியில், சம்பளம் கொடுக்காத ரெயுஸ் அணியை செகுண்டாவிலிருந்தே வெளியேற்றினார்கள். வீரர்கள் பெட்டியைக் கட்டினார்கள்.

சரி, ஒரு படி இறங்கினால்? மூன்றாம் பிரிவு இப்போது பிரிமேரா ஃபெடெரசியோன். இரண்டு குரூப், 40 அணிகள். 2021 வரை இதே படியில் செகுண்டா பே என்ற பெயரில் வழக்கமாக நான்கு குரூப்பாக 80 அணிகள் இருந்தன. வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கிளப் கிடைக்கும், பிள்ளைகளின் பள்ளி மாறாது. அதைத் தவிர இந்த வழியில் எனக்குப் பெரிய கவர்ச்சி தெரியவில்லை. ஒரே ஒரு காட்சி போதும். 2014 ஜனவரி 30, சாந்தாந்தேர் நகரின் எல் சர்தினேரோ மைதானம். அப்போது மூன்றாம் பிரிவில் இருந்த ராசிங், ஸ்பெயின் கோப்பைப் போட்டியின் காலிறுதிவரை வந்திருந்தது. எதிரணி ரியல் சொசியெதாத். விசில் ஊதியதும் ராசிங் வீரர்கள் பதினோரு பேரும் மைய வட்டத்துக்குப் போய்த் தோளோடு தோள் கோர்த்து நின்றுகொண்டார்கள். கோட்டுக்கு வெளியே மாற்று வீரர்களும் பயிற்சியாளர்களும் அதேபோல் நின்றார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. நிர்வாகம் விலகும்வரை ஆட மாட்டோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு நிமிஷத்தில் நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் வீட்டு வாடகைக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

மூடிப்போன ஒரு கதவு

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் இந்தக் கேள்வி கேட்டிருந்தால் 'இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுக்குப் போ' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அந்த வழியைத் திறந்தவர் ரொபெர்தோ மார்டினெஸ். இன்று போர்ச்சுகல் தேசிய அணியின் பயிற்சியாளராக எல்லாருக்கும் தெரிந்தவர். 1995-இல் அவர் பலாகெர் என்ற கத்தலான் ஊரிலிருந்து வந்த 22 வயது மிட்ஃபீல்டர். சரகோசாவின் முதல் அணிக்கு ஆடியது ஒரே ஓர் ஆட்டம். இங்கிலாந்தின் நான்காம் படியில் இருந்த விகன் கூப்பிட்டது. இன்னும் இரண்டு ஸ்பானியர்களோடு போனார். அங்கே ஆறு வருஷம், அப்புறம் மதர்வெல், வால்சால், ஸ்வான்சி, செஸ்டர். 2007-இல் செஸ்டரில் ஆடிக்கொண்டிருந்தவரை ஸ்வான்சி மேனேஜராகக் கூப்பிட்டது.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் செய்தது என்ன? தன்னைப் போன்றவர்களைத் தேடினார். அந்தக் கோடையில் வந்தவர்களில் ஒருவர் ஆந்த்ரேயா ஓர்லாண்டி. பார்சிலோனாவில் பிறந்தவர்; பார்சிலோனாவுக்காக லீக்கில் ஆடியது ஒரே ஒரு முறை. 2006-இல் பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் வென்ற சில நாட்களில், பெரியவர்களுக்கு ஓய்வு கொடுத்து பில்பாவோவில் தோற்ற ஆட்டம் அது. ஸ்வான்சியில் ஐந்து வருஷம் இருந்தார். மூன்றாம் படியிலிருந்து பிரீமியர் லீக்வரை அணி ஏறியபோது கூடவே ஏறினார்.

அடுத்த வருஷம் எஸ்பான்யோலிலிருந்து கடனாக வந்தவர் ஜோர்டி கோமெஸ். மார்டினெஸ் விகனுக்கு மாறியபோது கோமெஸையும் கூட்டிப்போனார். விகன் ரசிகர்களில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள்: மெதுவானவர், ஓட மாட்டார். மார்டினெஸ் அவரை விடவில்லை. 2013 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக முதல் பதினொன்றில் கோமெஸ் இருந்தார். 81-ஆம் நிமிஷத்தில் அவரை வெளியே எடுத்து பென் வாட்சனை இறக்கினார்கள். பத்து நிமிஷம் கழித்து கார்னரிலிருந்து வந்த பந்தை வாட்சன் தலையால் முட்டினார். 1-0, கோப்பை விகனுக்கு. பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் அதே பதக்கம்தான். மூன்றே நாளில் விகன் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது, அதை விட்டுவிடுவோம்.

இந்தக் கதவு இப்போது நம் 28 வயதுக்காரருக்கு ஏறக்குறைய மூடிவிட்டது. பிரெக்சிட்டுக்குப் பின், 2021 முதல், வெளிநாட்டு வீரர் பணி அனுமதி பெறப் புள்ளிக் கணக்கு உண்டு: தேசிய அணி ஆட்டங்கள், ஆடிய லீக்கின் தரம், களத்தில் இருந்த நிமிஷங்கள். 1995-இன் மார்டினெஸ் இன்று விண்ணப்பித்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில விலக்கு இடங்கள் இருக்கின்றன. அவற்றை கிளப்புகள் ஒரு 28 வயது செகுண்டா மிட்ஃபீல்டருக்கு ஏன் செலவழிக்கப் போகின்றன?

போலந்தா, சைப்ரஸா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பணி அனுமதித் தொல்லை இல்லை. அதனால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

போலந்துக்கு சாட்சி ஹெஸுஸ் இமாஸ். கத்தலோனியாவின் லேய்தாக்காரர். ஸ்பெயினின் முதல் பிரிவில் ஒரு நிமிஷம்கூட ஆடாதவர். 2017-இல் விஸ்வா க்ராகோவுக்குப் போனார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2018 கடைசியில் கிளப் கடனில் மூழ்கியது. யாரோ கம்போடிய முதலீட்டாளர் வாங்குகிறார் என்றார்கள், கையெழுத்தும் ஆனது, பணம் மட்டும் வரவே இல்லை. சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். கடைசியில் போலந்தின் பழைய நட்சத்திரம் யாகுப் ப்ளாஷ்சிகோவ்ஸ்கி இன்னும் இருவரோடு சேர்ந்து சொந்தப் பணத்தைக் கடன் கொடுத்துக் கிளப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த ஜனவரியில் இமாஸ் ஜகியெலோனியாவுக்கு மாறினார். ஊர் பியாவிஸ்டோக், பெலாரஸ் எல்லைப் பக்கம். கத்தலோனியாவிலிருந்து வருபவருக்கு அந்தக் குளிர் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் மனிதர் அங்கேயே வேர் விட்டுவிட்டார். 2024-இல் ஜகியெலோனியா அதன் வரலாற்றிலேயே முதல் முறையாக லீக் பட்டம் வென்றபோது அணியின் முகமே அவர்தான். அடுத்த சீசனில் கிளப், ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் காலிறுதிக்கு வந்து, ஸ்பெயினின் செவில்லாவில் பெட்டிஸ் அணியைச் சந்தித்தது. செகுண்டாவில் இருந்திருந்தால் இந்த மாதிரி இரவு வந்திருக்காது.

இங்கே ஒரு சட்ட விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2018-இலிருந்து ஃபிஃபா விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால் வீரர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர் விமான டிக்கெட்டுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

சைப்ரஸுக்கு சாட்சி மறுபடியும் ஜோர்டி கோமெஸ்தான். சண்டர்லாந்து, பிளாக்பர்ன், விகனுக்கு இன்னொரு தடவை, பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோஃபியா என்று சுற்றிவிட்டு, 33 வயதில், 2018-இல் ஒமோனியா நிகோசியாவில் வந்து இறங்கினார். அங்கே கேப்டன் ஆனார். யூரோப்பா லீக் குரூப் ஆட்டங்கள் ஆடினார். 2021-இல் பத்து வருஷத்துக்கு மேல் பட்டம் பார்க்காத கிளப் சாம்பியன் ஆனது. அந்த லீக்கின் வேகம் அவர் கால்களுக்கு ஒத்துவந்தது. விகனில் 'மெதுவானவர்' என்று திட்டு வாங்க வைத்த அதே நிதானத்துக்கு நிகோசியாவில் வேறு பெயர் வைத்தார்கள்.

ஆக 28 வயதுக்கு போலந்து, 33 வயதுக்கு சைப்ரஸ். போலந்தில் ஓட வேண்டும், மோத வேண்டும், அரங்கம் நிறையும், அங்கே நன்றாக ஆடினால் வேறு லீக்குகள் கவனிக்கும். சைப்ரஸிலிருந்து மேலே ஏறிப் போனவர்கள் குறைவு. வெயிலும் கடலும் மெடிட்டரேனியன் சாப்பாடும் ஸ்பானியருக்குப் பழகியவை. அதனாலேயே சீக்கிரம் போய்ச் சொகுசாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

தூர தேசங்கள்

ஆஸ்திரேலியாவைப் பலர் ஓய்வுக்கு முந்தைய சுற்றுலா என்று நினைக்கிறார்கள். டியேகோ காஸ்த்ரோ அப்படித் தோன்றியவர்தான். கிஹோன், கெட்டாஃபே என்று முதல் பிரிவில் நன்றாக ஆடிவிட்டு, 2015-இல், 33 வயதில் பெர்த் குளோரிக்குப் போனார். முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரருக்கான ஜானி வாரன் பதக்கம். 2021 வரை அங்கேதான். 2019 இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் தோற்றார்கள், பாவம்.

எனக்கு அதைவிட சுவாரசியமான கதை இசாயாஸ். சபதெய் ஊர்க்காரர், எஸ்பான்யோலின் இளைஞர் அணி, அப்புறம் பொன்ஃபெர்ராதினா. 2013-இல், 26 வயதில் அடிலெய்டுக்குப் போனார். காரணம், அங்கே பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஜோசெப் கொம்பாவ். பார்சிலோனா அகாடமியில் வேலை பார்த்த அந்த மனிதருக்கு, பின்னாலிருந்து பந்தைக் கோத்து விளையாட ஒரு நடுக்கள ஆள் வேண்டியிருந்தது. ஸ்பெயினில் நூறில் ஒருவர். அடிலெய்டில் அவர் ஒருவர்தான். 2016 இறுதி ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார், அடிலெய்டு 3-1 என்று வென்றது, ஆட்டத்தின் சிறந்த வீரர் பதக்கமும் அவருக்கே. பின்னாளில் ஆஸ்திரேலியக் குடியுரிமையும் வாங்கினார். அந்த லீக்கில் மொத்தச் சம்பளத்துக்கும் வரம்பு, வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கும் வரம்பு. குடியுரிமை பெற்றவர் வெளிநாட்டவர் கணக்கில் வர மாட்டார் என்பதால் கிளப்புக்கு அவர் இரட்டை லாபம்.

இந்தியா? இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த வருத்தம் உண்டு, ஏனென்றால் சென்னையின் எஃப்.சி. ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன் நான். இந்தியன் சூப்பர் லீக்கான ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் சீசனே இரண்டரை மாதம்தான். அக்டோபரில் வந்து டிசம்பரில் கிளம்பிவிடலாம். பார்சிலோனாவில் வளர்ந்த ஜோஃப்ரே மாதேயு முதல் வருஷம் கொல்கத்தா, அடுத்த வருஷம் கோவா. 2015 இறுதி ஆட்டத்தின் 87-ஆம் நிமிஷத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போனபோது இங்கே எத்தனை வீடுகளில் டிவியை அணைத்திருப்பார்கள்! அணைத்தவர்கள் அடுத்த ஐந்து நிமிஷத்தில் சென்னை இரண்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு லீக் நீண்டது. 2017-18-இல் வலென்சியா, கெட்டாஃபே சட்டைகளைப் போட்ட ஹைமே கவிலான் சென்னையில் ஆடினார், அணி சாம்பியன். அடுத்த சீசனுக்கு வந்தவர் நம் ஓர்லாண்டி. ஸ்வான்சிக்கு அப்புறம் பிரைட்டன், பிளாக்பூல், சைப்ரஸில் இரண்டு கிளப், இத்தாலியின் நோவாரா எல்லாம் பார்த்துவிட்டு 34 வயதில் வந்தார். அதே பயிற்சியாளர் ஜான் கிரகரி, பாதிக்கு மேல் அதே வீரர்கள். 18 ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஒன்பது புள்ளி, கடைசி இடம். நேரு ஸ்டேடியத்தில் அவர் பந்தை வாங்கி நிமிர்ந்து பார்க்கும்போது முன்னால் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். பந்தைப் பின்னுக்குத் திருப்புவார். கேலரியில் எனக்குப் பின்னால் இருந்தவர், "இவனா பார்சிலோனா?" என்று கேட்டார். ஓர்லாண்டி சீசன் பாதியிலேயே கிளம்பிவிட்டார். தப்பு அவர்மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கவிலான் வந்த வருஷம் அணி ஓடியது, ஓர்லாண்டி வந்த வருஷம் அணி நின்றுவிட்டது.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டவர் முதலில் ஆறு, 2017-இல் ஐந்து, 2021-இல் நான்கு என்று குறைந்தார்கள். அந்த நான்கில் ஸ்ட்ரைக்கருக்கும் சென்டர் பேக்குக்கும் இடம் போக, மிட்ஃபீல்டருக்கு எஞ்சுவது ஒன்றோ இரண்டோ. 2025 ஜூலையில் லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. ஊர் மாறி வருகிறவருக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை.

சரி, எதை எடுப்பது?

சம்பளத் தொகையையும் லீக்கின் தரவரிசையையும் இரண்டாவதாகப் பாருங்கள் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது போன் செய்தது யார் என்பதை. ஏஜென்டா, கிளப்பின் விற்பனைப் பிரிவா, இல்லை உங்கள் ஆட்டத்தை நேரில் பார்த்து, 'இந்த இடத்தில் நீ எனக்கு வேண்டும்' என்று சொல்லும் பயிற்சியாளரா? கோமெஸுக்கும் ஓர்லாண்டிக்கும் மார்டினெஸ், இசாயாஸுக்கு கொம்பாவ். பெயர் தெரியாத லீக்கிலும் இந்த வகை அழைப்பு பலித்திருக்கிறது. அதே ஓர்லாண்டி, வேறொருவர் விட்டுப்போன இடத்தை நிரப்ப வந்த சென்னையில் என்ன ஆனது என்று பார்த்தோம்.

அப்படி அழைக்கும் ஆள் செகுண்டாவிலேயே இருந்தால், 28 வயதுக்காரர் அங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் போலந்து, ஆனால் கிளப்பின் கடன் கணக்கை ஒரு வக்கீலிடம் காட்டிய பிறகு. இரண்டு வருஷ ஒப்பந்தம், ஜனவரியில் வெளியேற ஒரு வழி. ஆஸ்திரேலியா, குடும்பமும் கிளம்பத் தயார் என்றால் மட்டும். அத்தனை தூரத்தில் தனியாக இருப்பது நவம்பரில் தெரியாது, மார்ச்சில் தெரியும். வீட்டுப் பக்கத்து மூன்றாம் பிரிவு கிளப்பை, படிப்போ கடையோ பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தால்தான் எடுப்பேன். மார்டினெஸ்கூட ஆடிக்கொண்டே பிசியோதெரபி படித்தவர்தான்.

சைப்ரஸையும் இந்தியாவையும் இந்த வருஷம் தொட வேண்டாம். அவரே 33 வயதில் மறுபடி வந்து கேட்டால் முதலில் நிகோசியாவைச் சொல்வேன். சென்னைக்கு வருவதானால், முன்னால் ஓடுவதற்கு இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வரட்டும்.